வேலை போனா வீடும் போச்சு: ரெங்கம் தோட்டத்துப் பெண்களும் இடைக்கால இல்லங்களின் வரலாறும்



"வீடில்லாதவர்" என்று வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்கு என்ன படம் வரும்? கோலாலம்பூரிலோ ஜொகூர் பாருவிலோ கடை வரிசையின் அஞ்சடியில் அட்டையை விரித்துப் படுத்திருக்கும் ஓர் ஆண். அந்தப் படம் பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். ரெங்கம் மாதிரி ஒரு சிறு பட்டணத்தில் அஞ்சடியில் படுத்திருக்கும் பெண்ணை நாம் பார்ப்பது அரிது. அதனால் அங்கே வீடில்லாத பெண் இல்லை என்று ஆகிவிடுமா? அவள் அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பாள். அடுத்த மாதம் சித்தி வீட்டில் இருப்பாள். அதற்கடுத்த மாதம், போக வேறு இடமில்லாமல், அடித்த கணவனிடமே திரும்பியிருப்பாள். எந்தக் கணக்கெடுப்பிலும் அவள் பெயர் வராது. நம் வருகைப் பதிவேட்டில் மட்டும் அவள் பிள்ளையின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்ற குறி விழுந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணின் வரலாறு. தோட்டத்தில் கூரை எப்படி வந்தது, எப்படிப் போனது, போன பிறகு தங்குவதற்கு யார் என்ன கட்டினார்கள் என்பதை வரிசையாகப் பார்ப்போம். நான்காம் ஆண்டு முதல் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு உள்ளூர் வரலாறாக இது பயன்படும். நன்னெறிக் கல்வி நடத்துபவர்களுக்கும் பயன்படும்.

வேலையோடு ஒட்டி வந்த கூரை

ரெங்கம் குளுவாங் மாவட்டத்தில் இருக்கும் ரயில் பட்டணம். வடக்கே குளுவாங், தெற்கே லாயாங்-லாயாங். பெருஞ்சாலையில் இருக்கும் சிம்பாங் ரெங்கம் வேறு, ரெங்கம் வேறு. வெளியூர் ஆசிரியர்கள் மாற்றலாகி வரும்போது இதில்தான் முதலில் குழம்புவார்கள். ஜொகூர் ரயில் பாதை 1909ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பாதையின் இரு பக்கமும் காடு வெட்டப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1920களில் இந்த வட்டாரத்தில் செம்பனையும் வந்தது. தோட்டம் வந்த இடத்துக்குத் தமிழர்கள் வந்தார்கள்.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு, ஆள் திரட்டும் வேலை பெரும்பாலும் கங்காணி முறையில் நடந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவினரையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டி வந்தார். அதனால் பெண்களும் குடும்பமாக வந்தார்கள். வந்த பெண் சும்மா இருக்கவில்லை. விடியற்காலைப் பிரட்டுக்கு நின்றாள், பால் மரம் வெட்டினாள், வெளிக்காட்டு வேலை செய்தாள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் நெரைக்குப் போனாள்.

1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகத்தின் மீது சில கடமைகளைச் சுமத்தின. குடியிருக்க லயம், நல்ல தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றோடு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பள்ளிக்கூடம் என்பதும் அவற்றில் ஒன்று. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த விதியின் கீழ்ப் பிறந்தவை. இதை நாம் அடிக்கடி சொல்லுகிறோம். ஆனால் பள்ளியும் வீடும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கொடுத்த கை தோட்ட நிர்வாகம். கொடுத்ததற்கான காரணம் உழைப்பு.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்க. லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை என்று பெருமையாகச் சொல்லுவாங்க. வாடகை இல்லாததால் வாடகைதாரருக்குரிய உரிமையும் இல்லை. வீடு சம்பளத்தின் ஒரு பகுதி மாதிரி. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். வேலை நின்ற நாளில், வேலை செய்தவர் செத்த நாளில், அடுத்த ஆளுக்கு அந்த வீடு தேவைப்படும். கணவன் மனைவி இரண்டு பேரும் பேர் பதிந்த தொழிலாளர்களாக இருந்தால் விதவை தன் பேரில் தொடரலாம். ஆனால் உடம்பு முடியாதவள், வயதானவள், பேர் பதியாமல் கணவனுக்குக் கைவேலை மட்டும் செய்தவள், இவர்களுக்கு லயத்தில் இடம் துரையின் மனசைப் பொறுத்ததுதான்.

கூரை பறிபோன மூன்று காலங்கள்

முதல் அடி 1930களின் தொடக்கத்தில் விழுந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்கே அனுப்பப்பட்டார்கள். வேலையில்லாதவருக்கு இங்கே தங்க இடம் கொடுப்பதைவிடத் திருப்பி அனுப்புவது மலிவு என்பதே அன்றைய கணக்கு. அதாவது மலாயாவில் தமிழனுக்குக் கிடைத்த முதல் "வீட்டு உதவி" ஒரு கப்பல் டிக்கெட்.

இரண்டாவது அடி யுத்தம். 1942 ஜனவரி இறுதியில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இதே ரயில் பாதையை ஒட்டித்தான் தெற்கே பின்வாங்கின. லாயாங்-லாயாங் அருகே நடந்த சண்டையில் 9ஆவது இந்திய டிவிஷனின் தளபதி பார்ஸ்டோ கொல்லப்பட்டார். ஜப்பானியர் வந்த பிறகு ரப்பருக்குச் சந்தை இல்லை, தோட்டத்தில் சம்பளம் இல்லை, அரிசி இல்லை. 1942 நடுப்பகுதியில் சயாம்-பர்மா ரயில் பாதை வேலை தொடங்கியது. 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பி வரவே இல்லை.

சயாம் மரண ரயிலைப் பற்றி எழுதும்போது நாம் போன ஆண்களைப் பற்றி எழுதுகிறோம். லயத்தில் மிச்சமிருந்தவர்களைப் பற்றி எழுதுவது குறைவு. போனவன் செத்தானா இருக்கிறானா என்றே தெரியாத மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள். இந்த நிலையில் 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படைக்கு ஆள் சேர்த்தபோது தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். நாட்டுப்பற்று அதற்கு ஒரு காரணம். அந்த முகாமில் கூரையும் சாப்பாடும் மரியாதையும் சேர்ந்து கிடைத்தன என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

மூன்றாவது அடி ஒரே நாளில் விழவில்லை, தவணை தவணையாக விழுந்தது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், பிரிக்ஸ் திட்டத்தின் கீழ்ச் சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றாகத் திரட்டப்பட்டன. 1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டு கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். துண்டான தோட்டத்தில் லயத்துக்குப் பொறுப்பாளி யாருமில்லை. இதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அது எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்குக் கூரையைக் காத்தது.

அதன்பின் 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி கட்டாயமானது. 1969ஐ ஒட்டிய காலத்தில் சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். சிவப்பு அடையாளக் கார்டோடு தங்கிவிட்டவர்களும் உண்டு. பின்னாளில் அரசாங்க மலிவு வீட்டுக்கு மனுப் போடும்போது "குடியுரிமை உண்டா?" என்ற ஒரு கேள்வியில் அவர்களில் பலர் நின்றுபோனார்கள்.

அன்று இருந்த கதவுகள் எவை?

கூரை போனவளுக்கு அன்று எந்தக் கதவு திறந்தது? நம் முன்னோடிகளைக் கொஞ்சம் பார்ப்போம்.

பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனைத் தொடங்கினார். இளம் விதவைகளுக்குத் தங்க இடமும் படிப்பும் கொடுத்த இல்லம் அது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912இல் அதே வேலையை ஆரம்பித்தார். அவரே பதினொரு வயதில் விதவையானவர். 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றவர். மெரினா கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், பின்னர் அந்தப் பெண்களின் விடுதியாக இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசி முறையிலிருந்து வெளிவந்த சிறுமிகளுக்கு மற்ற விடுதிகள் கதவு திறக்காததே அதற்குக் காரணம்.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் 1888இல் போ லியுங் குக் தொடங்கப்பட்டது. விபசாரத்துக்கும் அடிமை வேலைக்கும் விற்கப்பட்ட சீனப் பெண்களையும் சிறுமிகளையும் காக்கும் இல்லம் அது.

இந்த இரண்டு வகை இல்லங்களையும் ஒப்பிட்டுப் பாருங்க, ஒரு பெரிய பாடம் கிடைக்கும். போ லியுங் குக்கில் உள்ளே போன பெண் நினைத்தபோது வெளியே வர முடியாது. அவர்களில் பலருக்கு வெளியே போகும் வழி திருமணம்தான். சுப்புலட்சுமியின் இல்லத்திலோ வெளியே போகும் வழி படிப்பு. அங்கே படித்த விதவைகள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சுப்புலட்சுமியே தலைவியாக இருந்தார். ஆக, ஓர் இல்லத்தை எடைபோட அதன் சுவரைப் பார்த்தால் போதாது. அதன் வெளிவாசலைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒரு பெண் எங்கே போகிறாள்? "இடைக்கால இல்லம்" என்ற சொல்லின் முழு அர்த்தமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நம் ஆசிரியர் தொழிலுக்கும் இப்படிப்பட்ட இல்லங்களுக்கும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உறவு உண்டு என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்க.

மலாயாவில் யுத்தத்துக்குப் பிறகு அநாதைப் பிள்ளைகளுக்காகச் சில இல்லங்கள் எழுந்தன. சுவாமி சத்தியானந்தா 1949இல் தொடங்கிய சுத்த சமாஜம் நாம் எல்லோரும் அறிந்தது. அன்னை மங்களம் தம் வாழ்நாள் முழுவதையும் அங்கே கொடுத்தார். முதியவர்களுக்கு அரசாங்கத்தின் முதியோர் இல்லங்கள் இருந்தன. ஜொகூர் பாருவில் இன்றும் ருமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்க. பிள்ளைக்கு ஒரு கதவு, கிழவிக்கு ஒரு கதவு. முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் தாய்க்கு? அவள் பிள்ளைகளை அநாதை இல்லத்தில் விட்டுவிட்டுத் தனியாகப் போகலாம். அல்லது பிள்ளைகளோடு அடி வாங்கிக்கொண்டு இருக்கலாம். தாயையும் பிள்ளையையும் சேர்த்து உள்ளே விடும் கதவு நம் நாட்டில் நெடுங்காலம் இல்லை.

1982: இரண்டு மாற்றங்கள்

உலகத்தில் இப்படிப்பட்ட கதவு திறந்ததே அண்மையில்தான். 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி தொடங்கிய புகலிடம் பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. நம் நாட்டில் 1982இல் பெட்டாலிங் ஜெயாவில் மகளிர் உதவி அமைப்பு முதல் புகலிடத்தைத் திறந்தது. டபிள்யூ.ஏ.ஓ. என்ற பெயரில் நாம் அறிந்த அமைப்பு அதுதான். தாயும் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கலாம். முகவரி வெளியே சொல்லப்படாது.

அதே 1982 மார்ச் 1ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. 1976இல் இயற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு கணவன் ஒரு மனைவி என்பதும், திருமணப் பதிவும் சட்டமாயின. கோயிலில் தாலி கட்டி, தோட்டத்தில் பந்தல் போட்டு நடந்த கல்யாணத்துக்கு அதற்கு முன் பெரும்பாலும் காகிதச் சாட்சி இல்லை. கணவன் இன்னொருத்தியோடு போய்விட்டாலும் சரி, மரம் விழுந்து செத்துவிட்டாலும் சரி, "நீ மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்வி வந்துவிடும். சொக்சோ பணத்துக்கும் அதே கேள்விதான், ஊழியர் சேமநிதிக்கும் அதே கேள்விதான். பதிவுத் திருமணம் ஏன் முக்கியம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டிய இடம் வந்தால், இதைச் சொல்லுங்க. அது வெறும் காகிதம் இல்லை, நாளைக்கு ஒரு கூரையாகலாம்.

அதற்குப் பின் பெண்கள் அமைப்புகள் 1985இல் ஒன்றுசேர்ந்து வன்முறைக்கு எதிராக இயக்கம் நடத்தின. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது. 1996 ஜூனில் அமலுக்கு வந்தது. அதே 1994இல் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் நெருக்கடிக்கால ஒருமுனை மையம் தொடங்கப்பட்டு, பிறகு மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் பரவியது. காயத்துக்கு மருந்து, போலீஸ் புகார், சமூகநல அதிகாரி, மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அதன் யோசனை.

இந்தச் சட்டத்தில் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் அம்சம் உண்டு. பாதுகாப்பு ஆணையின் கீழ், வீடு யார் பேரில் இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் அந்த வீட்டில் இருக்கவும் அடித்தவர் வெளியேறவும் நீதிமன்றம் உத்தரவிட முடியும். "அடி வாங்கியவள்தான் மூட்டை கட்டணும்" என்ற பழைய வழக்கத்தை அது புரட்டிப் போடுகிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு, 2018 முதல், சமூகநல அதிகாரியே ஏழு நாள் செல்லும் அவசரப் பாதுகாப்பு ஆணையைக் கொடுக்கலாம். விண்ணப்பித்து இரண்டு மணி நேரத்துக்குள் அது கிடைக்க வேண்டும். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

1999இல் வந்த இன்னொரு திருத்தம் நம் பள்ளி அலுவலகத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பாதுகாவலர் சட்டம் திருத்தப்பட்டு, தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைமேல் சம உரிமை வந்தது. அதற்கு முன் தந்தையே பாதுகாவலர். தந்தையின் கையெழுத்து இல்லாமல் பல பாரங்கள் நகராது. வீட்டை விட்டு வந்த தாய் எந்த மனிதனிடமிருந்து தப்பி வந்தாளோ, அவனிடமே கையெழுத்துக்குப் போக வேண்டியிருந்தது.

சேர்த்துப் பிடிப்பதும் சேர்த்துக்கொள்வதும்

வீடில்லாதவரைப் பற்றி நம் நாட்டில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். பிச்சையெடுப்பவரையும் போக்கிடமில்லாதவரையும் சமூகநல அதிகாரி பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தலாம், நீதிமன்றம் அவர்களை அரசாங்க இல்லத்துக்கு அனுப்பலாம். ஜொகூரில் மெர்சிங்கில் இருக்கும் டேசா பினா டிரி அப்படிப்பட்ட இல்லம். 2011இல் கோலாலம்பூரில் திறந்த அஞ்சோங் சிங்கா வேறு மாதிரி. அங்கே ஆள் தானாக வரலாம், கொஞ்ச நாள் தங்கலாம், வேலை தேட உதவி கேட்கலாம்.

பிடித்துக்கொண்டு போவதற்கும் கதவைத் திறந்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெண்கள் விஷயத்தில் இன்னும் பெரிது. பிடித்துவிடுவார்கள், பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் தாய் உதவி கேட்கவே மாட்டாள். மறைந்துகொள்வாள். சின்னப் பட்டணத்தில் மறைவது சுலபம்.

இடைக்கால இல்லம் என்ன செய்கிறது?

புகலிடம் வேறு, இடைக்கால இல்லம் வேறு. புகலிடம் ஆபத்திலிருந்து எடுத்து வைப்பது. சில நாள், சில வாரம். இடைக்கால இல்லம் அதற்கு அடுத்த படி. சில மாதங்கள் தங்கி, வேலைக்குப் போய், பணம் சேர்த்து, தன் காலில் நிற்பதற்கான இடம். ஏன் இந்த இரண்டாவது படி வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு சொல்லுகிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் இதைக் கணிதத்தில் கொடுக்கலாம்.

மாதம் 500 ரிங்கிட் வாடகையில் ஒரு சிறு வீடு என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத முன்பணம், முதல் மாத வாடகை. மொத்தம் மூன்றரை மாதம், அதாவது 1,750 ரிங்கிட். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. ஒரு மாத முழுச் சம்பளத்தையும் சாப்பிடாமல் கொடுத்தாலும் சாவி கைக்கு வராது. அதற்குள் பிள்ளைக்குப் பால் வாங்கணும், பஸ்ஸுக்குக் கொடுக்கணும். அதனால்தான் புகலிடத்தில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வெளியே வரும் பெண், மனசு மாறி இல்லை, கணக்கு உதைத்துத்தான் பழைய வீட்டுக்கே திரும்புகிறாள். அவளைப் பார்த்து "எத்தனை சொல்லியும் மறுபடி போய்ட்டா பாரு" என்று பேசுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நல்ல இடைக்கால இல்லம் கூரையோடு நிற்பதில்லை. அடையாளக் கார்டு தொலைந்திருந்தால் மறுபடி எடுக்கணும். போலீஸ் புகார், நீதிமன்றம், ஜீவனாம்சம், கணவன் இறந்திருந்தால் சொக்சோவின் வாரிசு ஓய்வூதியம், இதற்கெல்லாம் கூட வர ஒருவர் வேண்டும். வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆயாக் கொட்டகை இருந்ததால்தான் நம் பாட்டிமார்கள் பால் மரம் வெட்டப் போக முடிந்தது. அதே உண்மைதான் இன்றும்.

ரெங்கத்தில் இன்று

தோட்டத்தில் இப்போது செம்பனைதான் அதிகம். லயங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1990இல் வந்த சட்டம் 2019இல் திருத்தப்பட்டு மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. ஆனால் அந்தச் சட்டமும் வேலையில் இருப்பவரின் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறது. வேலையை இழந்தவரின் வீட்டைப் பற்றி அது பேசுவதில்லை. நம் மக்கள் தாமானுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். பலர் சொந்த வீடு கட்டி நன்றாக இருக்கிறார்கள். அதற்கு ஆசிரியர்களாகிய நாமும் ஒரு காரணம். ஆனால் லயத்தில் ஒரு நல்லது இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு. அடி விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பெரியாத்தா ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள். தாமான் வீட்டில் சுவர் கனம், கேட் பூட்டியிருக்கும்.

லயத்தை இனிமையாக மட்டும் நினைத்துக்கொள்வதும் சரியில்லை. "புருஷன்னா அடிப்பான், அனுசரிச்சுப் போம்மா" என்று அதே பெரியாத்தா திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு.

பெரிய புகலிடங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் இருக்கின்றன. ரெங்கத்துப் பெண்ணுக்கு அவை தூரம். அவளுக்குக் கிட்டத்தில் இருப்பவை குளுவாங்கின் எஞ்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனை, குளுவாங் மாவட்டச் சமூகநல அலுவலகம், பக்கத்துப் போலீஸ் நிலையம். எந்த நேரத்திலும் அழைக்க 15999, தாலியான் காசே. இந்த நான்கையும் ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி ஒட்டி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

முதலில், பாடமாக. மாணவர்களைத் தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லுங்க. நீங்கள் முதலில் இருந்த வீடு யாருடையது? அந்த வீட்டை விட்டு ஏன் வந்தீர்கள்? அப்போது யார் இடம் கொடுத்தார்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். யாரோ ஒரு மாமி, ஒரு கோயில், ஒரு கிராணி, ஒரு சீனக் கடைக்காரர் என்று பெயர்கள் வரும். அந்தப் பதில்களைத் தொகுத்தால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ரெங்கம் வரலாறு நம் கையில் இருக்கும். ஆனால் "இப்போ நீ எந்த வீட்டில் இருக்கிறாய்?" என்பதை வகுப்பின் முன் கேட்காதீர்கள். பதில் சொல்ல முடியாத பிள்ளை ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

இரண்டாவது, அலுவலகத்தில். ஒரு தாய் அவசரமாகப் பள்ளிமாற்றம் கேட்டு வந்தால், காரணத்தைத் துருவாமல் வேலையை விரைவாக முடித்துக் கொடுங்க. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதைத் தேடி வரும் யாரிடமும், "அப்பாதானே கேட்கிறார்" என்று நினைத்துச் சொல்லிவிடாதீர்கள். தலைமையாசிரியரிடமும் சமூகநல அதிகாரியிடமும் கலந்து பேசுங்க. முகவரி ரகசியமாக இருப்பதுதான் புகலிடத்தின் உண்மையான சுவர். அந்தச் சுவரில் ஓட்டை விழும் இடம் பல நேரங்களில் பள்ளிப் பதிவேடுதான்.

மூன்றாவது, வகுப்பறையில். சீருடை அழுக்காக இருக்கிறது, வீட்டுப்பாடம் செய்யவில்லை, புத்தகம் இல்லை. மூன்று நாளாக ஒரே நிலை என்றால் தண்டிப்பதற்கு முன் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்க. புத்தகம் பழைய வீட்டில் இருக்கலாம். பழைய வீட்டுக்குப் போக முடியாமல் இருக்கலாம்.

நான்காவது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில். முன்பணக் கணக்கை மறுபடி பாருங்க, 1,750 ரிங்கிட். ஒரு விருந்தின் செலவைவிடக் குறைவு. பள்ளி வட்டாரத்தில் ஒரு தாய்க்கு வருஷத்தில் ஒருமுறை அந்த முன்பணத்தைக் கடனாகக் கொடுக்க ஒரு சின்ன நிதி இருந்தால், அதுவே ரெங்கத்தின் முதல் இடைக்கால உதவியாக இருக்கும். கட்டடம் கட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்லை. சம்பந்தன் காலத்தில் தொழிலாளர்கள் பங்குப் பணம் கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். நாம் ஒரு வீட்டுச் சாவிக்கு முன்பணம் கட்ட முடியாதா?

தோட்டத்துப் பள்ளிகள் பல பட்டணத்துக்கு இடம் மாறிவிட்டன, லயங்கள் இடிந்துவிட்டன. கொடுத்த கை போய்விட்டது. கூரையில்லாமல் நிற்கும் தாய்க்கு இன்று தினமும் திறந்திருக்கும் தமிழ் பேசும் கதவு என்று ரெங்கத்தில் எது மிச்சம் என்று யோசித்தால், நம் பள்ளியின் வாசல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவள் அங்கே பிள்ளையை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் தயங்கி நிற்பாள். அந்த நிமிஷத்தில் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.